சைலேஜ்னு சொல்லி பூஞ்சைக் கட்டைத் தலையில கட்டிட்டாங்க: ₹24,000 போச்சு

பெங்களூர்ல ஆடு வளர்க்கிற நம்ம ஆளுங்க இதைப் படிச்சுட்டு அப்புறம் தீவனத்துக்குப் பணம் அனுப்புங்க. சைலேஜ் (பச்சைத் தீவனத்தை நறுக்கிக் காத்துப் புகாம அடைச்சுப் புளிக்க வெச்சது) வாங்கும்போது என்னென்ன பார்க்கணும்னு கடைசியில விவரமா எழுதுறேன். முதல்ல வயித்தெரிச்சலைக் கொட்டிடுறேன்.

பொம்மசந்திராவுல ஷிஃப்ட் வேலை எனக்கு. ஆனேக்கல் பக்கம் அரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து 26 செம்மறி வெச்சிருக்கேன். தை வரைக்கும் கவலை இல்ல. ராகி அறுத்த காட்டுல மேய விடுவாங்க, புழுக்கை எருவாகுதேன்னு அவங்களே கூப்பிடுவாங்க. மாசி பிறந்தா தரை மொட்டை. இங்க ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தைக் கோமாளான்னு சொல்வாங்க. எங்க பக்கம் அதுல எங்க பார்த்தாலும் வீட்டுமனைக் கல்லுதான் நட்டிருக்கு. நான் போட்ட கோ-4 புல்லும் போர்ல தண்ணி இறங்கிக் காய்ஞ்சு நிக்குது.

கணக்குப் போட்டேன். 30 கிலோ ஆட்டுக்கு, ஈரத்தைக் கழிச்சுப் பார்த்தா, ஒரு நாளைக்கு ஒரு கிலோ தீவனமாவது வேணும். பாதி ராகித் தாள், பாதி சைலேஜ். சைலேஜ்ல மூணுல ரெண்டு பங்கு தண்ணிதான், அதனால மொத்தப் பட்டிக்கும் தினம் 40 கிலோ. 3 டன் வாங்கினா 75 நாள் ஓடும், அதுக்குள்ள மழை வந்துடும். கணக்கு சரிதான். ஆளுதான் தப்பு.

விவசாயப் பொருள் விக்கிற ஒரு ஆப்புல பார்த்தேன். கதிரோட வெட்டின மக்காச்சோள சைலேஜ், கிலோ 8 ரூபா, 50 கிலோ கட்டு. கன்னடத்துல பேச ஆரம்பிச்சேன், அந்தப் பக்கம், "அண்ணா, தமிழா? நானும் கிருஷ்ணகிரிதாண்ணா!" அவ்வளவுதான், நான் கவுந்துட்டேன். எந்த ஊர், எத்தனை ஆடு, எத்தனை சினைன்னு சொந்தத் தம்பி மாதிரி விசாரிச்சான். "சினையாடு இருக்குன்னா புதுசு வேணாம்ணா, 45 நாள் முடிஞ்சதையே அனுப்புறேன்"னான். சைலேஜ் புளிச்சுப் பக்குவமாக 45 நாள்ங்கிற கணக்கு நிஜம்தான். தொழில் தெரிஞ்ச பையன்னு நினைச்சு, அரை மணி நேரத்துல முழுப் பணமும் அனுப்பினேன். ₹24,000. வீட்டுக்காரி, "பாதி கொடுத்தா போதாதா?"ன்னா. நம்ம ஊர்க்காரன்டின்னேன். இன்னிக்கு வரைக்கும் அவ அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசல, அதுதான் இன்னும் வலிக்குது.

லாரி வந்தது ராத்திரி பதினொன்றரைக்கு. வாடகை தனியா 3,500. டிரைவர் அவசரப்படுத்தி 60 கட்டையும் இறக்கிட்டுப் போயிட்டார். மேல இருந்த கட்டு ஒண்ணைப் பிரிச்சேன், அருமையா இருந்தது. மஞ்சள் பச்சை நிறம், புளிச்ச மோர் மாதிரி வாசனை. நாலஞ்சு நாள் மேல் வரிசைக் கட்டுகள்லதான் ஓடுச்சு. கீழ் வரிசைக்குப் போனதும்தான் தெரிஞ்சது. பிளாஸ்டிக்ல விரல் நுழையற ஓட்டை, அது மேல பிரவுன் டேப். உரிச்சா வெள்ளையும் சாம்பலுமா பூஞ்சை, நனைஞ்ச பஞ்சு மாதிரி. கையை உள்ள விட்டா சுடுது. தட்டைதான் இருக்கு, தேடித் தேடிப் பார்த்தும் ஒரு சோள மணி இல்ல. பக்கத்துத் தோட்டத்துத் தாத்தா ஒரு பிடி எடுத்து மோந்துட்டு வீசினார். "கெட்டோகிதே சாமி." கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.

போன் போட்டேன். "அது நல்ல பூஞ்சைண்ணா, வெல்லத் தண்ணி தெளிச்சுப் போடுங்க." மறுநாள், "உங்க ஷெட்டுல ஈரம் இருக்கும் சார்." கவனிச்சீங்களா, அண்ணன் சார் ஆயிட்டேன். அதுக்கடுத்த நாள் டிபி காணாமப் போச்சு. ஆப்புக்காரங்க ஒரு படி மேல. கட்டு பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களான்னு கேட்டாங்க. 60 கட்டுக்கும் வீடியோ எடுக்கணுமாம்! கடைசியா, "நாங்க இடையில இருக்கிற தளம் மட்டும்தான்"னு ஒரு மெசேஜ், கூடவே எங்க சேவைக்கு ஸ்டார் கொடுங்கன்னு இன்னொண்ணு. ₹24,000 வாங்கிட்டு ஸ்டார் வேற. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-ல புகார் பதிஞ்சிருக்கேன், பார்ப்போம்.

நான் பார்க்காம போட்ட ஒரு கூடையில நாலு ஆடு கழிச்சலாயிடுச்சு. மருந்துல நின்னுடுச்சு, ஆனா டாக்டர் சொன்னதுதான் தூங்க விடல. கெட்ட சைலேஜ்ல லிஸ்டீரியான்னு ஒரு கிருமி வருமாம். தலையை ஒரு பக்கம் சாய்ச்சு வட்டமடிக்கும், சினையாடு குட்டியை வீசிடும், அறிகுறி தெரியவே சில வாரம்கூட ஆகலாம்னார். என்கிட்ட ஏழு சினை. தினம் காலையில பட்டியைத் திறந்ததும் எது தலையைச் சாய்க்குதுன்னுதான் பார்க்கிறேன்.

விவரமா எழுதறேன்னேன், கை ஓடல. முழுப் பணம் முன்னாடி கொடுக்காதீங்க. ராத்திரியில இறக்க விடாதீங்க. நடு வரிசை, கீழ் வரிசைல ஒவ்வொண்ணு கிழிச்சு மோந்து பாருங்க, கறுப்பா வழவழன்னு இருந்தாலோ டேப் ஒட்டியிருந்தாலோ லாரியோட திருப்பி அனுப்புங்க. சினையாட்டுக்குப் பூஞ்சை பிடிச்சது ஒரு பிடி கூட வேண்டாம். தமிழ்ல பேசினா உடனே உருகாதீங்க.

மத்ததை அப்புறம் எழுதுறேன். காலையில ஆறு மணிக்குத் தாத்தாவோட ராகித் தாள் வண்டி வருது. பணம் அடுத்த மாசம் கொடுத்தா போதும்னுட்டார்.