மலிவு ஸ்ரார்ட்டர் ரிவோல்வர் வாங்கப் போகிறீர்களா? எங்கள் கதையைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்

தை மாதம் வந்தால் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் இல்ல மெய்வல்லுநர் போட்டிதான். எங்கள் பள்ளியில் ஓட்டம் தொடக்கிவைக்கும் துவக்கு பழசாகிச் செத்துப்போய் இரண்டு வருடம். பக்கத்துப் பள்ளியில் இரவல் வாங்கலாம் என்றால் அவர்களுக்கும் அதே சனிக்கிழமைதான் போட்டி. பழைய மாணவர் சங்கத்தில் காசுப்பை என் கையில் இருந்ததால், "நான் வாங்கித் தருகிறேன்" என்று வாயை விட்டேன்.

முகநூலில் ஒரு கொழும்புக் கடையின் விளம்பரம் கண்ணில் பட்டது. கவ்போய் படங்களில் வருகிற மாதிரி மரக் கைப்பிடி போட்ட ரிவோல்வர். முழுக்க உருக்கு, .22 அளவு வெற்றுத் தோட்டா (குண்டு இல்லாமல் சத்தம் மட்டும் போடுவது), எட்டு வெடி, அனுமதி எதுவும் தேவையில்லை என்று எழுதியிருந்தது. விலை 18,500 ரூபாய். விளையாட்டு ஆசிரியர் படத்தைப் பார்த்துவிட்டு, "தோட்டா வெடிக்கிற சாமான் என்றால் பொலிஸில் கேட்காமல் தொடக்கூடாது. 1916ஆம் ஆண்டுத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது" என்றார். நான் கடைக்காரருக்குச் செய்தி அனுப்பினேன். "சேர், அது பள்ளிக்கூடங்களுக்கு விற்கிற சாமான், பிரச்சினையே இல்லை" என்று பதில் வந்தது. நம்பிவிட்டேன். பொலிஸ் நிலையப் பக்கம் போகவில்லை. என் முதல் பிழை அதுதான்.

அமெரிக்காவில் இருக்கும் மருமகனையும் கேட்டேன். அவனிடம் 200 டொலருக்குள் வாங்கிய .22 ரிவோல்வர் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு வெடிக்கும் பெருவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுக்க வேண்டிய அந்தக் காலத்து வகை. "மாமா, மலிவுதான், ஆனால் எனக்குப் போதும். குழலும் உருளையும் உருக்கு, அவற்றைத் தாங்கும் உடற்சட்டம் மட்டும் துத்தநாகக் கலவை. எப்பவாவது ஒன்று வெடிக்காமல் போனால் அடுத்ததை அடிப்பேன். தகர டின்னுக்கு என்ன அவசரம்?" என்றான். .22 தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து அடிப்பகுதியின் விளிம்புக்குள் இருக்கிறதாம். அது விளிம்பைச் சுற்றி ஒரே சீராகப் பரவாவிட்டால் நல்ல துவக்கில்கூடச் சில தோட்டா வெடிக்காது. தோட்டாவைக் கொஞ்சம் திருப்பிப் போட்டு விளிம்பின் வேறு இடத்தில் அடித்தால் பெரும்பாலும் வெடிக்கும் என்றான். மலிவும் பரவாயில்லை என்பதைப் பிடித்துக்கொண்டேன். டின்னுக்கு அவசரமில்லை, ஓட்டக்காரனுக்கு இருக்கிறது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை.

பெட்டி போட்டிக்கு இரண்டு நாள் முன்னால்தான் வந்தது. கொண்டுவந்த தம்பி, "காசைத் தந்தால்தான் திறக்கலாம் அண்ணை" என்றான். கொடுத்தேன். திறந்தால் கைப்பிடி பிளாஸ்டிக், மரம் போல நிறம் பூசியிருந்தது. உருளைக்குள் தோட்டாவுக்கு இடமே இல்லை. நல்லூர்த் திருவிழாக் கடையில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுப்போமே, சிவப்பு பிளாஸ்டிக் வளைய வெடி, அதைத்தான் செருக வேண்டும். பொலிஸ் பயம் போனது ஒன்றுதான் இலாபம். கடைக்காரருக்கு எடுத்தேன். "படம் மாதிரிக்குத்தான் சேர், வேலை ஒன்றுதான்" என்றார். முற்றத்தில் மூன்று வெடி வெடித்துப் பார்த்தேன், மூன்றும் வெடித்தன. எட்டையும் வெடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

போட்டியன்று காலை சின்னப் பிள்ளைகளின் ஓட்டங்கள் எப்படியோ போயின. 100 மீற்றர் இறுதி வந்தது. ஆசிரியர் கையை மேலே தூக்கி விசையை அழுத்தினார். "கிளிக்". அந்தச் சத்தத்துக்கே இரண்டு பொடியன்கள் பாய்ந்துவிட்டார்கள், மற்றவர்கள் கோட்டில் குந்தியபடி இருந்தார்கள். ஓடியவர்களைத் திருப்பிக் கூப்பிட இரண்டாவது வெடி வைக்க வேண்டும். சுத்தியலை இழுத்தார், மறுபடியும் "கிளிக்". அந்த இரண்டு பேரும் அறுபது மீற்றர் தாண்டிய பிறகு விசில் ஊதித்தான் நிறுத்தினோம். ஒருவன் திரும்பி நடந்து வரும்போது முகத்தைப் பார்க்க முடியவில்லை. கால் முழுக்கச் சுண்ணாம்பு.

திருப்பி ஓடவிட்டபோது வெடித்தது. முதல் மூன்று பேரும் பள்ளிச் சாதனையை முறியடித்துவிட்டார்கள் என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பு. பந்தல் முழுக்கக் கைதட்டல். மூன்று பேரும் ஒரே நாளில் எப்படி என்று யோசித்தவர் ஆசிரியர் ஒருவர்தான். முடிவுக் கோட்டில் கடிகாரம் பிடிப்பவர்கள் புகையைக் கண்டவுடன் அழுத்த வேண்டும், சத்தத்தைக் கேட்டு அல்ல. சத்தம் 100 மீற்றரைக் கடந்து வர கிட்டத்தட்ட 0.3 செக்கன் எடுக்கும். எங்கள் சாமானில் புகை என்று சொல்ல எதுவும் இல்லை, வெயிலில் பொறியும் தெரியவில்லை. எல்லாரும் காதால்தான் அழுத்தியிருக்கிறார்கள், அந்த 0.3 செக்கன் நேரத்தில் குறைந்துவிட்டது. சாதனையை நீக்கினோம். அந்தப் பிள்ளைகளின் பெற்றோர் இன்னும் என்னோடு சரியாகக் கதைப்பதில்லை, நியாயம்தான்.

பிறகு ஒரு வெடியில் பிளாஸ்டிக் துண்டு பக்கவாட்டால் பறந்து ஆசிரியரின் மணிக்கட்டில் பட்டது. உருளைக்கும் சட்டத்துக்கும் நடுவே நகம் நுழைகிற இடைவெளி. அதோடு அதை ஓரமாக வைத்துவிட்டு, மிச்சப் போட்டியை விசிலால் ஒப்பேற்றினோம்.

திங்கட்கிழமை தெரிந்த லேத்துக்காரர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் ஒரு காந்தத்தை எடுத்து வைத்தார். சட்டத்தில் ஒட்டவில்லை, குழலில் ஒட்டவில்லை, உருளையிலும் ஒட்டவில்லை. இரண்டு திருகாணியிலும் ஒரு சுருளியிலும் மட்டும் ஒட்டியது. "முழுக்க உருக்கு என்றவனைக் கூட்டிக்கொண்டு வாங்கோ அண்ணை" என்று சிரித்தார். பிறகு பிரித்துக் காட்டினார். சுத்தியலை இழுக்கும்போது உருளையை ஒரு படி தள்ளுவது உள்ளே இருக்கும் சின்ன நாக்கு. அதுவும் மென்மையான கலவை. ஒரு காலைப் பொழுதில் அதன் முனை மழுங்கிவிட்டது. உருளை முழுப் படி திரும்பாமல் பாதியில் நிற்க, சுத்தியல் இரண்டு வெடிக்கு நடுவில் வெறும் பிளாஸ்டிக்கில் விழுந்திருக்கிறது. "இதை உருக்கில் செய்து தரலாம், ஆனால் அதைப் பிடிக்கிற ஓட்டை அடுத்த கிழமை தேயும்" என்றார். காசு வாங்கவில்லை.

மருமகனுக்குக் காணொளி அழைப்பில் காட்டினேன். அவன் தன்னுடையதில் காந்தம் வைத்துக் காட்டினான், குழலிலும் உருளையிலும் டக்கென்று ஒட்டியது. "மாமா, என்னுடையது மலிவான துவக்கு. உங்களுடையது விலை கூடின விளையாட்டுச் சாமான்" என்றான்.

கடைக்காரர் முதல் இரண்டு நாள் "பார்க்கிறேன் சேர்" என்றார், மூன்றாம் நாள் என் இலக்கத்தைத் தடுத்துவிட்டார். சங்கக் கணக்கில் அந்த 18,500ஐ நான் கையிலிருந்து போட்டேன்.

இப்போது எங்களிடம் இருப்பது தச்சர் செய்து தந்த தட்டுப் பலகை. கீல் போட்ட இரண்டு வேப்பம் பலகை, உள்பக்கம் மஞ்சள், வெளிப்பக்கம் கறுப்பு. தலைக்கு மேல் பிடித்து அடித்தால் மஞ்சள் மறைவதைப் பார்த்துக் கடிகாரத்தை அழுத்தலாம். கோவில் மதிலில் பட்டு எதிரொலிக்கிற அளவுக்குச் சத்தம்.

நேற்று அதே ரிவோல்வர் படம் வேறொரு கடைப் பெயரில் 16,900 ரூபாய்க்கு வந்திருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கைப்பிடியில், சுத்தியலுக்குக் கொஞ்சம் கீழே, நகக்கீறல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு இருக்கும்.