பிள்ளைகள் மிதித்தாலும் தாங்கும் புல்: அருகா, கவ்கிராஸா, சோய்சியாவா?

போன வருடம் என் தம்பி கோலாலம்பூர்ப் பக்கம் கெப்போங்கில் ஒரு மூலை வீடு வாங்கினான். பக்கவாட்டில் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் காலி இடம். மேம்பாட்டாளர் விட்டுப்போனது வெறும் சிவப்பு மண். கொத்தினால் சிமெண்டுக் கட்டியும் உடைந்த ஓடும் வரும். அவனுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவன் நாள் முழுக்கப் பந்து உதைப்பான், கடைக்குட்டி இன்னும் தவழ்கிறாள். "அண்ணே, சிமெண்டு போட மனசு வரல. புல்லுதான் வேணும். ஆனா இவனுங்க மிதிக்கிறதைத் தாங்கணும். விதை போட்டு வளர்க்க முடியுமா?" என்று கேட்டான்.

முடியும். மண்ணோடு பெயர்த்து லோரியில் கொண்டுவந்து விரிக்கும் புல்லைவிட விதை மிக மலிவு. முழு இடமும் ஒரே நேரத்தில் வேர் பிடிக்கும், ஒட்டுப்போட்ட தையல் தெரியாது. ஆனால் நம் ஊரில் விதைக்கு ஏற்ற புல், ஏற்காத புல் என்று ஒரு பிரிவு இருக்கிறது. விற்பவர்கள் அதைச் சொல்வதில்லை. அதனால்தான் பலர் இரண்டு தடவை பணம் செலவழிக்கிறார்கள்.

தம்பியும் செலவழித்தான். என்னிடம் கேட்பதற்கு முன்பே இணையத்தில் ஒரு பொட்டலம் வாங்கி வைத்திருந்தான். உறை மேல் பிள்ளைகள் உருண்டு விளையாடும் பச்சைப் புல்தரைப் படம், 'குடும்பத்துக்கு ஏற்ற உறுதியான புல்' என்ற வாசகம். பின்பக்கம் திருப்பினால் பல்லாண்டு ரை கிராஸ், ஃபெஸ்கியூ. இங்கிலாந்து வீட்டுக்காரருக்கு அது சரியான கலவை. ரை கிராஸ் சீக்கிரம் முளைக்கும், மிதி நன்றாகத் தாங்கும், பள்ளித் திடல்களில்கூட அங்கே அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் அது குளிர்காலநிலைப் புல். 15 முதல் 24 பாகை வெப்பத்தில்தான் செழிக்கும். கோலாலம்பூரில் பகலில் 32, 33 பாகை. இரவிலும் 24க்குக் கீழே அதிகம் இறங்காது. தம்பி ஒரு மூலையில் தூவிப் பார்த்தான். ஆறாவது நாள் குழந்தையின் தலைமுடி மாதிரி பளபளவென்று முளைத்தது. மூன்றாவது வாரம் அடித்தண்டு அழுகிச் சாய்ந்தது. ஐந்தாவது வாரம் திட்டுத் திட்டாகப் பழுப்பு. தண்ணீர் குறைந்துவிட்டதோ என்று அவன் இன்னும் ஊற்ற, இன்னும் அழுகியது. அவன் பராமரிப்பில் குறை எதுவும் இல்லை, அந்தப் புல்லுக்கு இந்த ஊர் ஆகாது. பொட்டலத்தில் ரை, ஃபெஸ்கியூ என்று இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

ஆக, போட்டி மூன்று வெப்பநாட்டுப் புற்களுக்கு இடையில்தான்.

கவ்கிராஸ்

மலேசியாவில் வீட்டு வாசல், பள்ளித் திடல், சாலையோரம் எங்கும் இருப்பது இதுதான். ஏறக்குறைய ஒரு விரல் அகலத்துக்கு மென்மையான இலை, தரையோடு படரும் கொடி. வெப்ப அமெரிக்காவிலிருந்து வந்த புல். புளிப்பு மண்ணைப் பற்றிக் கவலைப்படாது, உரம் அதிகம் கேட்காது, மர நிழலிலும் பச்சையாக இருக்கும். தவழும் குழந்தைக்கு இதைவிட மெத்தென்ற புல் கிடையாது.

நான் வளர்ந்த தோட்டப்புறத்தில் பால்மர லயத்துக்குப் பின்னால் இருந்த பந்துத் திடல் முழுக்க இந்தப் புல்தான். இன்றைக்கும் கண்முன் நிற்கிறது: ஓரத்தில் தூங்குமூஞ்சி மரத்தடியில் முழங்கால் மடித்து உட்காரலாம் போலப் பச்சை. இரண்டு கோல் வாசலிலும் வட்டமாகச் சிவப்புச் சேறு. வருடம் முழுவதும் அது மூடியதே இல்லை. காரணம், இந்தப் புல் தரைமேல் ஓடும் கொடியை மட்டுமே நம்பி வாழ்கிறது. மண்ணுக்குள் அதற்குச் சேமிப்பு இல்லை. காலணி ஆணி கொடியை அறுத்தால் பக்கத்திலிருந்து புதுக்கொடி வந்துதான் அந்த இடம் மூட வேண்டும். மழைநாளில் அகன்ற இலை நசுங்கிச் சறுக்கும். இரண்டு மூன்று வாரம் மழை இல்லையென்றால் முதலில் மஞ்சளாவதும் இதுதான்.

புக்கிட் ஜாலில் தேசிய அரங்கம் 1998 காமன்வெல்த் விளையாட்டுக்காகத் திறக்கப்பட்டது. அங்கேயும் கவ்கிராஸ்தான் இருந்தது. கடைசியில் அதை எடுத்துவிட்டு 'சியோன்' என்ற சோய்சியா வகைக்கு மாறினார்கள், 2023இல் புதுத் திடல் தயாரானது. நம் வீட்டுப் பிள்ளைகள் தேசிய அணி இல்லைதான். ஆனால் பந்து விழும் இடத்தில் கவ்கிராஸ் எவ்வளவு தாங்கும் என்பதற்கு அது ஒரு சாட்சி.

விதை கிடைக்கிறது. ஆனால் இதை விதைக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து வீட்டில் நாலு கூடை கொடி கேட்டு வாங்கி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டி, ஒரு சாண் இடைவெளியில் ஊன்றினால் போதும். மழைக்காலமாக இருந்தால் மூன்று மாதத்தில் மூடிவிடும்.

அருகு

நர்சரியில் 'பெர்முடா கிராஸ்' என்று எழுதி வைத்திருப்பது வேறொன்றும் இல்லை, நம் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே புல். இதைத் தம்பியிடம் சொன்னபோது பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். "அருகம்புல்லையா காசு கொடுத்து வாங்கப் போறீங்க? எங்க வீட்டு கால்வாய் ஓரமெல்லாம் அதுதானே தம்பி!" என்றார். அவர் சொன்னது உண்மை. கால்வாய் ஓரத்திலும், கார் ஏறி இறங்கும் சிமெண்டு வெடிப்பிலும் யாரும் கவனிக்காமலே வாழ்கிற புல் பிள்ளைகளின் காலுக்கா அஞ்சும்?

கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடி" என்று வாழ்த்துகிறோமே, அந்த வேரை ஒரு தடவை தோண்டிப் பாருங்கள். நான் தம்பிக்குத் தோண்டிக் காட்டினேன். மேலே மெல்லிய கொடி, கணுவுக்குக் கணு வேர். அதற்குக் கீழே, மண்ணுக்குள், வெள்ளையாகக் கூர்முனையோடு இன்னொரு தண்டு ஓடியது. விரலால் தொட்டால் கெட்டியாக இருந்தது. நுனி அடுத்த சிமெண்டுக் கட்டியைச் சுற்றிக்கொண்டு போயிருந்தது. இந்த நிலத்தடித் தண்டில்தான் அருகு உணவைச் சேமிக்கிறது. மேலே இலை முழுவதும் தேய்ந்து போனாலும் கீழேயிருந்து மறுபடி எழுந்து வரும். மிதி தாங்குவது ஒரு குணம், மிதிபட்ட பிறகு சீக்கிரம் மீள்வது வேறொரு குணம். இரண்டும் ஒருசேர இருப்பது, இந்த மூன்றில், அருகுக்குத்தான்.

விதையும் ஒத்துழைக்கும். ஒரு கிராமில் ஏறக்குறைய 4,000 விதை இருக்கும், அவ்வளவு பொடி. சதுர மீட்டருக்கு 5 முதல் 10 கிராம் போதும். சூட்டில்தான் நன்றாக முளைக்கும், அந்தச் சூடு நமக்கு வருடம் முழுவதும் இலவசம். ஏழு நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பச்சை தெரியும். வாங்கும்போது உமி நீக்கிய விதையா என்று கேளுங்கள், அது முந்தி முளைக்கும். ஒன்று மட்டும் எச்சரிக்கை: கோல்ஃப் திடலிலும் பந்துத் திடலிலும் புகழ்பெற்ற 'டிஃப்வே 419' போன்ற கலப்பின அருகு விதையே தராத மலட்டுப் புல். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது விதை விற்றால் வாங்காதீர்கள்.

குறையும் சொல்லத்தான் வேண்டும். அருகுக்கு நிழல் ஆகாது. நேர் வெயில் ஆறு மணி நேரமாவது விழ வேண்டும். குறைந்தால் மெலிந்து, நீண்டு, ஒருநாள் காணாமல் போகும். அப்புறம், அதற்கு எல்லை தெரியாது. பூப்பாத்தி, காய்கறிப் பாத்தி எதற்குள்ளும் நுழையும். ஓரத்தில் செங்கல்லைச் செங்குத்தாகப் புதைத்து வரம்பு கட்டாமல் இதை விதைக்காதீர்கள்.

சோய்சியா

பிலிப்பைன் கிராஸ், ஜப்பான் புல் என்று நர்சரியில் அடுக்கி வைத்திருப்பவை இந்தக் குடும்பம். பார்ப்பதற்கு மூன்றிலும் அழகு. நெருக்கமாக, கம்பளம் மாதிரி, காலை வைத்தால் கொஞ்சம் எழும்பித் தள்ளும். இலை விறைப்பு, அதனால் மிதி நன்றாகத் தாங்கும். நிழலும் அருகைவிடக் கூடுதலாகப் பொறுக்கும். வளர்ச்சி மெதுவாக இருப்பதால் வெட்டுகிற வேலையும் குறைவு.

அந்த மெதுவான வளர்ச்சிதான் விதைக்கும்போது எதிரியாகிறது. பிலிப்பைன் கிராஸை வேர்த்துண்டாகத்தான் நடுகிறார்கள். விதையாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜப்பான் வகை. அதன் விதையுறை கெட்டியானது. மருந்தில் ஊறவைத்துப் பதப்படுத்திய விதைதான் ஒழுங்காக முளைக்கும், அதற்கும் இரண்டு மூன்று வாரம் ஆகும். முழுக்க மூட ஒரு வருடம்கூடப் பிடிக்கலாம். நம் மண்ணில் கோரையும் தொட்டாற்சிணுங்கியும் ஒரே வாரத்தில் தலைநீட்டிவிடும். ஒரு வருடம் அவற்றோடு மல்லுக்கட்ட யாருக்கு நேரம் இருக்கிறது? பந்து ஆட்டத்தில் ஒரு இடம் தேய்ந்தால் மூடுவதற்கும் அதே நிதானம்தான். சோய்சியா வேண்டுமென்றால் பாய் பாயாக வாங்கி விரியுங்கள். விதைக்க வேண்டாம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பி வீட்டில் என்ன செய்தோம்

முதலில் வெயிலைப் பார்த்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 8 மணியிலிருந்து மாலை 6 வரை மணிக்கொரு தடவை நிழல் விளிம்பில் சுண்ணாம்புக்கோடு போட்டோம். மாமரத்தடியும் சுவரை ஒட்டிய பகுதியுமாகப் பத்து சதுர மீட்டர் நிழல், மிச்சம் முப்பதில் நல்ல வெயில். முப்பதுக்கு அருகு, பத்துக்குக் கவ்கிராஸ் கொடி என்று முடிவு செய்தோம். தவழும் பெண்ணுக்கும் மாமரத்தடிதான் இதம். இடையில் செங்கல் வரம்பு.

இரண்டு பக்கமும் ஒரு முழம் கொத்திக் கட்டியையெல்லாம் பொறுக்கினோம், பதினோரு சாக்கு வந்தது. நம் சிவப்பு மண் புளிப்பு. அருகு அதை விரும்பாது. செம்பனைத் தோட்டங்களுக்கு விற்கும் சுண்ணாம்புத்தூள் எந்த விவசாயக் கடையிலும் இருக்கும். சதுர மீட்டருக்கு ஒரு பிடிக்கும் கொஞ்சம் கூடுதலாகத் தூவி, கம்போஸ்ட் கலந்து, இரண்டு வாரம் விட்டோம். அந்த இரண்டு வாரமும் தண்ணீர் தெளித்ததால் ஒளிந்திருந்த களை எல்லாம் முளைத்தது. விதைக்கும் முன்பே அதைச் செதுக்கி எடுத்துவிட்டோம். இந்த ஒரு வேலையைத் தவிர்க்காதீர்கள்.

விதை 240 கிராம்தான். உள்ளங்கையில் வைத்தால் ரவை மாதிரி ஒட்டும், காற்று வந்தால் போய்விடும். அதனால் காய்ந்த மணலில் கலந்து இரண்டு பங்காக்கி, ஒரு பங்கை நெடுக்கும் ஒரு பங்கைக் குறுக்கும் தூவினோம். ஆழப் புதைத்தால் முளைக்காது. மேலே லேசாக வாரியால் கீறி, பலகையை வைத்து மிதித்து மண்ணோடு அணைத்தோம்.

நான் எதிர்பார்க்காத எதிரி எறும்பு. மறுநாள் காலையில் குனிந்து பார்த்தால், வரப்பு ஓரமாக ஒரு கோடு, ஒவ்வொரு எறும்பின் வாயிலும் ஒரு விதை. புற்று வாசலில் சின்னக் குவியலே இருந்தது. அதைக் கலைத்து, மண் மேல் தேங்காய் நார்த்தூளை மெல்லிசாகப் பரப்பி, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்ட பிறகுதான் நின்றது. அந்த நார்த்தூள் மழைத்துளியின் அடியையும் தாங்கியது.

மழைதான் பெரிய விஷயம். கோலாலம்பூரில் ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் விதைத்தால் ஒரே மாலை மழையில் எல்லாம் கால்வாய்க்குள் போய்விடும். ஜூன், ஜூலை நல்லது. மழை குறைவு, குழாய்த் தண்ணீரைக் காலை, மதியம், மாலை பூத்தூவலாக விடலாம். பினாங்கில் இருப்பவர்களுக்குக் கணக்கு வேறு. அங்கே டிசம்பர் முதல் பிப்ரவரி வரைதான் வறட்சி, செப்டம்பர், அக்டோபர்தான் கொட்டும். ஜனவரியில் விதைத்துக் குழாயை நம்புங்கள்.

ஒன்பதாம் நாள் முளை தெரிந்தது. எட்டு வாரம் யாரும் கால் வைக்கக் கூடாது என்று கயிறு கட்டினோம். பெரியவனுக்கு அதுதான் தண்டனை. விரல் நீளம் வந்ததும் முதல் வெட்டு. அருகை 3 சென்டிமீட்டரிலும் கவ்கிராஸை 5லும் வைக்கிறோம். முதுகில் இயந்திரம் மாட்டிக்கொண்டு வரும் புல் வெட்டும் அண்ணன்கள் வேகத்தில் மண் தெரிய வழித்துவிடுவார்கள். பக்கத்தில் நின்று உயர்த்திப் பிடிக்கச் சொல்லுங்கள். இலை இல்லாத புல் எதை வைத்து மீளும்?

இப்போது பத்து மாதம் ஆகிறது. பிள்ளையார் சதுர்த்திக்கு வேலி தாண்டி வந்து அருகு பறித்துப் போனவர் அதே அக்காதான். அதனால் அந்தப் பக்கம் களைக்கொல்லி அடிப்பதில்லை, கோரையைக் கையால் பிடுங்குகிறார்கள். பந்து ஆடும் இடத்தில் இரண்டு செருப்புகள்தான் கோல் கம்பம். அதன் முன்னால் மட்டும் புல் மெலியும். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை செருப்பை எதிர்ப்பக்கம் நகர்த்தி வைக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய இடம் அதற்குள் மூடிவிடுகிறது.