இன்குபேட்டரா, ஆக்சிலரேட்டரா, மானியமா: முதலில் எந்தக் கதவைத் தட்டுவது?

புத்தாக்க மையத்துக்குப் போகும் புதிய தொழில்முனைவோரில் பலர், அங்கிருக்கும் எல்லாத் திட்டங்களுக்கும் விண்ணப்பித்துவிட்டு எது முதலில் கிடைக்கிறதோ அதில் சேர்ந்துவிடுகிறார்கள். பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. இடமும் கருவிகளும் தந்து பொறுமையாக வளர்க்கும் இன்குபேட்டர், சில மாதங்களில் விரட்டி வளர்க்கும் ஆக்சிலரேட்டர், திருப்பித் தர வேண்டாத பணமான மானியம் மூன்றும் மூன்று வேறு குறைகளைத் தீர்க்க வந்தவை. உங்கள் தொழில் இன்று எங்கே முட்டி நிற்கிறது என்று தெரியாமல் இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முடியாது.

இன்குபேட்டருக்கு வயது அதிகம். அமெரிக்காவின் படேவியாவில் 1959-இல் ஜோசப் மன்குசோ என்பவர், மூடிப்போன தொழிற்சாலைக் கட்டடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்துச் சிறு தொழில்களுக்கு வாடகைக்கு விட்டார். குடிவந்தவர்களில் கோழிக்குஞ்சு பொரிக்கும் நிறுவனமும் ஒன்று. பெயர் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. அடைகாக்கும் பொறுமைதான் இன்றும் அதன் குணம். ஓராண்டு, ஈராண்டு, சில இடங்களில் அதற்கு மேலும் இருக்கலாம். மேசையும் இணையமும் எங்கும் கிடைக்கும், அவற்றுக்காகச் சேர வேண்டாம். ஆய்வகம், முப்பரிமாண அச்சு இயந்திரம், சோதனைக் கருவிகள் போன்றவை தனியாக வாங்க முடியாதவை. பொருள் செய்பவர்களுக்கு அவைதான் உயிர்.

ஆக்சிலரேட்டர் இதற்கு நேர் எதிர். 2005-இல் அமெரிக்காவின் ஒய் காம்பினேட்டர் நிறுவனம் தொடங்கிவைத்த பாணி இது: பல நிறுவனங்களை ஒரே அணியாகச் சேர்த்து, சுமார் மூன்று மாதம் விரட்டி, கடைசியில் முதலீட்டாளர்கள் முன் நிறுத்துவது. மென்பொருளுக்கு இந்த வேகம் பொருந்தும். நேற்று மாற்றியதை இன்று வாடிக்கையாளர் பயன்படுத்திப் பார்த்துவிடலாம். பிளாஸ்டிக் உறையுள்ள ஒரு கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அச்சு வார்ப்புக்கான உலோக அச்சைச் செய்யவே பல வாரங்கள் போய்விடும். முதல் வார்ப்பில் மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் அச்சைத் திருத்த இன்னும் சில வாரம். முதலீட்டாளர் நாள் வந்துவிடும், கையில் மாதிரிப் பொருள்தான் இருக்கும்.

இன்னொன்று, பங்கு. ஆக்சிலரேட்டர்கள் பெரும்பாலும் பணத்துக்கு ஈடாக உங்கள் நிறுவனத்தில் பங்கு கேட்கும். 7 சதவீதம் கொடுத்தீர்கள் என்று வையுங்கள். அப்புறம் இரண்டு சுற்று முதலீட்டில் ஒவ்வொன்றுக்கும் 20 சதவீதம் போனால் உங்களிடம் மிஞ்சிய 93 என்பது 74.4 ஆகி, கடைசியில் 59.5-இல் நிற்கும். இரண்டு நிறுவனர்கள் என்றால் ஆளுக்கு 30 கூட இல்லை. அந்த 7-ஐக் கொடுக்காமல் இருந்திருந்தால் இருவருக்கும் சேர்த்து 64. நல்ல முதலீட்டாளர் அறிமுகம் கிடைக்கிறது என்றால் இந்த 4.5 வித்தியாசத்தைத் தாராளமாகக் கொடுக்கலாம். வெறும் வகுப்புகளுக்கு என்றால் கூடாது.

மானியத்தில் பங்கு போகாது. அதனால் அதுதான் சிறந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் பல மானியங்கள் தவணையாக வரும். சிலவற்றில் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டி, அப்புறம்தான் பணம் வாங்க முடியும். இடைப்பட்ட மாதங்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்? அதற்கு விடை வைத்திருப்பவர்களுக்கு, தொழில்நுட்பம் வேலை செய்யுமா என்று சோதிக்கும் கட்டத்தில் மானியத்தை மிஞ்ச எதுவும் இல்லை. வாடிக்கையாளரைத் தேடும் கட்டத்தில் அதே மானியம் ஆளைச் சோம்பலாக்கிவிடும் என்பது என் கருத்து. அறிக்கை எழுதும் நேரம் விற்பனைக்குப் போகும் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

வழிகாட்டிகள் மூன்றிலும் உண்டு. சுவரில் தொங்கும் படங்களை எண்ண வேண்டாம். ஏற்கெனவே அங்கே இருந்து வெளியேறிய இரண்டு நிறுவனங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "உங்க முதல் வாடிக்கையாளரை யார் அறிமுகப்படுத்தினாங்க?" நல்ல மையமாக இருந்தால் ஒரு வழிகாட்டியின் பெயர் உடனே வரும்.

கையெழுத்துப் போடும் முன், ஆய்வகத்தில் உருவாகும் கண்டுபிடிப்பின் காப்புரிமை யாருக்கு என்ற பத்தியை மட்டும் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிடுங்கள்.