பவர் ஏஜென்டிடம் வாங்குவதா, உரிமையாளரிடமே வாங்குவதா?

பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வாங்க, உரிமையாளரே கையெழுத்துப் போட வந்தால் சுலபம். வக்கீல் தாய்ப் பத்திரம் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்), வில்லங்கச் சான்று (அதன்மீது பதிவான பத்திரங்களின் விவரம்), பட்டா மூன்றையும் ஒத்துப்பார்ப்பார். பூர்வீகச் சொத்தென்றால் மகள்களின் கையெழுத்தும் கேட்பார். இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் அவர்களுக்கும் சம பங்கு தந்திருக்கிறது.

பவர் ஏஜென்ட், அதாவது உரிமையாளரிடம் அதிகாரப் பத்திரம் (பவர்) வாங்கி அவர் சார்பில் செயல்படுபவர், விற்றால் வேலை கூடும். பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அது செல்லாது, அதனால் உயிர்வாழ் சான்று வேண்டும். பவர் ரத்தாகிவிட்டதா, விற்கும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சிலர் "கிரையம் எதுக்குங்க, உங்க பேருக்கே பவர் எழுதித் தர்றோம்" என்பார்கள். செலவு மிச்சம்தான், ஆனால் உரிமை மாறாது. உச்ச நீதிமன்றம் 2011-இலேயே சொல்லிவிட்டது. முடிந்தவரை நேரடிக் கிரையமே நல்லது.

எதுவானாலும் கிணற்றுப் பங்கையும் வண்டித்தடத்தையும் பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் பக்கத்துத் தோட்டத்துக்காரர் தடத்தை மறிக்கும்போது கோர்ட்டுக்குத்தான் அலைய வேண்டும்.