பல் மீனுக்கு எந்த லீடர்? வாங்கிப் பயன்படுத்திப் பார்த்த வரையில் என் கணிப்பு

வஞ்சிரமும் ஊளியும் வருகிற இடத்தில் தூண்டில் போடுகிறவர் லீடருக்கு, அதாவது தூண்டில் நரம்பின் முனையில் இரைக்கு முன்னால் கடி தாங்கக் கட்டும் துண்டுக்கு, ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால், ஒற்றை இழை எஃகுக் கம்பி வாங்குங்கள், 3 அல்லது 4-ஆம் நம்பர் (நம்பர் கூடக் கூடத் தடிமன் கூடும்). கடையில் இருப்பதிலேயே மலிவான சுருள்களில் அதுவும் ஒன்று, அதனாலேயே கடைக்காரர் அதை முதலில் எடுத்துக் காட்ட மாட்டார். விலை கூடிய ஃபுளோரோகார்பன் என்ற பிளாஸ்டிக் நரம்பையும் டைட்டானியக் கம்பியையும்தான் காட்டுவார். அவற்றுக்கும் இடம் உண்டு, இல்லை என்று சொல்லவில்லை.

நான் சொல்வதெல்லாம் தூத்துக்குடி, இராமேஸ்வரம் பக்கம் வள்ளத்தில் போய் லூர் (போலி இரை) வீசுவதற்கும் ட்ரோலிங் (ஓடுகிற வள்ளத்தின் பின்னால் இரையை விட்டு) இழுப்பதற்கும். (மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றி தேசியப் பூங்கா, அங்கே போய் வீசிவிட்டு வனத்துறையிடம் மாட்டிக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.) அங்கே நரம்பைக் கடித்துக்கொண்டு போகிற மீன் நான்கு வகை: வஞ்சிரம், ஊளி என்கிற பாரக்குடா, சாவாளை, முரல். நான்கின் பல்லும் ஒன்றல்ல. வஞ்சிரத்தின் பல் முக்கோணமாக, பக்கவாட்டில் தட்டையாக, வரிசையாக இருக்கும். வேகமாக வந்து வெட்டிவிட்டுப் போகிற மீன் அது, சாளையைக் கட்டி இழுத்தால் வால் பக்கம் பாதியை வெட்டி எடுத்துக்கொண்டு தலையை உங்களுக்கு விட்டுவிடும். ஊளிக்கும் சாவாளைக்கும் நீண்ட கோரைப்பல். முரலின் பல் சின்னது, ஆனால் அது தலையை ஆட்டி ஆட்டி நரம்பை அந்த அலகில் தேய்த்தே நைத்துவிடும்.

இப்போது ஃபுளோரோகார்பன். 1971-இல் ஜப்பானின் குரேஹா நிறுவனம் சீகர் என்ற பெயரில் கொண்டுவந்ததிலிருந்து இதற்குச் சொல்லப்படுகிற பெருமை, தண்ணீரில் கண்ணுக்கே தெரியாது என்பது. தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33, ஃபுளோரோவுக்கு 1.42, சாதாரண நைலான் தங்கூசிக்கு 1.53 அளவில். அதாவது நைலானைவிடக் குறைவாகத் தெரியும், அவ்வளவுதான். சரி, கடிக்குத் தாங்குமா? தாங்குவது பொருளால் அல்ல, தடிமனால். 60 எல்பி (60 பவுண்டு தாங்குதிறன்) ஃபுளோரோ முக்கால் மில்லிமீட்டர் தடிமன் வரும், ஊளி ஒன்றிரண்டைத் தாங்கும், நல்ல வஞ்சிரம் இழுவிசையில் இருக்கும்போது பல்லை வைத்தால் தாங்காது. 80, 100 எல்பிக்குப் போனால் ஓரளவு தாங்கும், ஆனால் அந்தக் கயிற்றைக் கட்டிய சின்ன மெட்டல் ஜிக் (உலோகப் போலி இரை) நீரில் மரக்கட்டை மாதிரி வரும். இதற்கு எதிரே 4-ஆம் நம்பர் கம்பியை வையுங்கள்: தாங்குதிறன் 40 எல்பி போல, தடிமன் 0.33 மில்லிமீட்டர். 60 எல்பி ஃபுளோரோவில் பாதிகூட இல்லை. மீன் கண்ணுக்குத் தெரியக்கூடாது என்று ஃபுளோரோ கட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை ஏன் பார்ப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை.

ஃபுளோரோ எனக்குப் பிடித்த இடம் பாரை. அதன் பல் வெட்டாது, பாறையும் பவளமும்தான் நரம்பை அறுக்கும். அங்கே தடித்த ஃபுளோரோவோ நைலானோ போதும், கம்பி வேண்டவே வேண்டாம். அப்புறம், நீளமான லூர் போடுகிறவர்களுக்கும் ஃபுளோரோ பல நேரம் பிழைத்துவிடும்: 15 செ.மீ.க்கு மேல் நீளமுள்ள ஸ்டிக்பெய்ட்டை மீன் நடுவிலோ வாலிலோ பிடிக்கும், லீடர் வாய்க்கு வெளியே இருக்கும். சின்ன ஜிக்கையும் ஸ்பூனையும் முழுசாக வாயில் வாங்கிவிடும், அப்போது பல்லுக்கு நடுவில் இருப்பது உங்கள் லீடர். ஆகவே “எனக்கு ஃபுளோரோவே போதும், ஒன்றும் அறுந்ததில்லை” என்று யாராவது சொன்னால், என்ன லூர் போடுகிறார் என்று கேளுங்கள்.

நைலான் பூசிய ஏழு இழை வயரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான். கையில் மென்மையாக இருக்கும், சுருட்டிப் பைக்குள் போடலாம், மெல்லிய அளவு என்றால் கிரிம்ப்கூட (வயரைச் சின்ன உலோகக் குழாயில் நுழைத்து நசுக்கிப் பிடிப்பது) வேண்டாம், கண்ணியில் கோத்து முறுக்கி லைட்டரை லேசாகக் காட்டினால் பூச்சு உருகி ஒட்டிக்கொள்ளும். ஆனால் முதல் ஊளியோடு அதன் ஆயுள் முடிந்தது. பல் பட்ட இடத்தில் பூச்சு உரியும், உப்புத் தண்ணீர் உள்ளே போகும், வெளியே பார்க்கப் பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளே இழைகள் துருப்பிடிக்கும். நான் வாங்கிய சுருள் ஒன்று, பெயர் வேண்டாம், ஒரே மீனுக்குப் பிறகு பன்றிவால் போலச் சுருண்டுவிட்டது, அதற்கப்புறம் லூர் நேராக நீந்தவே இல்லை. வெட்டிப் புதிதாகக் கட்டிக்கொண்டே இருக்க முடியும் என்றால் வாங்கலாம். கிரிம்ப் போடுவதென்றால் வயர் அளவுக்கான ஸ்லீவும் (அந்தக் குழாய்) அதற்கான கிரிம்ப் கருவியும் வேண்டும். வீட்டுக் குறட்டால் நசுக்கினால் ஒன்று நழுவும், இல்லை வயரையே வெட்டும்.

டைட்டானியம், சரியாகச் சொன்னால் நிக்கல் டைட்டானியக் கலவை, உண்மையிலேயே அருமையான பொருள். துருப்பிடிக்காது, மடக்கினால் திரும்ப நேராகிவிடும், கொஞ்சம் இழுபடும், ஒற்றை இழையிலேயே முடிச்சுப் போடலாம். அதே தாங்குதிறனுக்கு எஃகைவிடத் தடிமன், விலையோ பல மடங்கு. வஞ்சிரம் லூரோடு போகிற கடலில் அந்தப் பணத்தைக் கட்டித் தொங்கவிட எனக்கு மனசு வரவில்லை.

கம்பிக்கு வருவோம். கம்பியின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: மடிந்தால் முடிந்தது. மடிப்பை விரலால் நேராக்கிவிட்டு மறுபடி வீசினால் அடுத்த இழுப்பில் அந்த இடத்திலேயே ஒடியும். மடிந்ததைத் தயங்காமல் கழற்றிவிட வேண்டும், மலிவாக இருப்பதன் பலன் அங்கேதான். முடிச்சு போட முடியாது, ஹேவயர் ட்விஸ்ட் பழக வேண்டும்: இரண்டு இழையும் ஒன்றையொன்று சமமாகச் சுற்றிக்கொள்ளும்படி நான்கைந்து முறுக்கு, ஒரு இழை நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால் அது வழுக்கும், அதன் பிறகு நெருக்கமாகச் செங்குத்துச் சுற்று நான்கு. மீதி நுனியைக் குறட்டால் வெட்டாதீர்கள், வெட்டினால் ஊசி மாதிரி ஒரு முனை நிற்கும், மீனைத் தூக்கும்போது உள்ளங்கையைக் கிழிக்கும். நுனியைக் கைப்பிடி மாதிரி மடக்கி முன்னும் பின்னும் ஆட்டினால் சுத்தமாக ஒடிந்துவிடும். வீட்டில் உட்கார்ந்து பத்துப் பதினைந்து செய்து வைத்துக்கொண்டால் ஆடுகிற வள்ளத்தில் பாடுபட வேண்டியதில்லை.

நீளம் அதிகம் வேண்டாம். வீசுவதற்கு ஒரு சாண் கம்பி, உயிர்ச் சாளைக்கு இரண்டு சாண், அதிலும் வால் பக்கம் ஒரு கொக்கியைக் கம்பியிலேயே தொடர்ந்து கட்டுங்கள், வெட்டிப் போகிற வஞ்சிரத்துக்கு வேறு வழியில்லை. கம்பிக்கு மேலே ஒரு மீட்டர் 40, 50 எல்பி ஃபுளோரோவை எஃப்ஜி முடிச்சில் பிரெய்டோடு (ரீலில் உள்ள பின்னல் நரம்பு) சேர்த்துவிடுகிறேன், ஃபுளோரோவையும் கம்பியையும் ஆல்பிரைட் முடிச்சு சேர்க்கும். சுவிவல் (சுழலும் இணைப்பு வளையம்) போட்டே ஆக வேண்டும் என்றால் கறுப்பு நிறத்தில், எவ்வளவு சின்னதாகக் கிடைக்குமோ அவ்வளவு சின்னதாக. பளபளக்கிற வெள்ளிச் சுவிவலை இரை என்று நினைத்து வஞ்சிரம் அதையே கடிக்கும், கம்பி இருந்தும் மேலே உள்ள நரம்பு போய்விடும். ஸ்நாப்போடு (லூரை மாட்டும், திறந்து மூடும் கொக்கி) தயாராக வருகிற மலிவுப் பாக்கெட்டுகளில் கம்பி நன்றாகவே இருக்கிறது, ஸ்நாப்தான் திறந்துகொள்கிறது.

அறுந்த நுனியைப் பார்க்காமல் லீடரைக் குறை சொல்வதும் நடக்கிறது. சுத்தமாகச் சாய்வாக வெட்டியிருந்தால் பல். சுருண்டிருந்தால் உங்கள் முடிச்சு நழுவியது, அதற்கு எந்தக் கம்பியும் பொறுப்பல்ல. நீளத்துக்குச் சொரசொரவென்று நைந்திருந்தால் பாறையோ முரலோ.

நிறத்தில் பழுப்புக் கம்பியும் வெள்ளிக் கம்பியும் கிடைக்கும், எனக்குப் பழுப்பு. கடைகளில் பெரும்பாலும் 7, 8-ஆம் நம்பர்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள், அது பெரிய ட்ரோலிங் லூருக்கும் சுறாவுக்கும் சரி. 4 இல்லை என்று 5 கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 8 கொடுத்தால் ஜிக்குக்கு வேண்டாம், வேறு கடை பாருங்கள்.