பரஞ்சோதியா, கருணாகரரா?

தமிழ் மண்ணிலிருந்து வடக்கே படை நடத்திப் போன தண்டநாயகர்களில் யார் பெரியவர் என்று பேச்சு வந்தால், இரண்டு பெயர்கள் கட்டாயம் அடிபடும்: வாதாபியை வீழ்த்திய பரஞ்சோதியார், கலிங்கத்தை வென்ற கருணாகரத் தொண்டைமான். என் வாக்கு பரஞ்சோதியாருக்கு. ஆனால் சான்று என்று இறங்கினால் கருணாகரரின் கைதான் ஓங்கியிருக்கிறது.

முதலாம் குலோத்துங்கனின் படைத்தலைவரான அவரை, அதே காலத்துப் புலவர் செயங்கொண்டார் கலிங்கத்துப் பரணியில் பாடிவிட்டார். திறை செலுத்தாத கலிங்க மன்னன் அனந்தவர்மன்மேல் போர். தோற்றோடிய கலிங்க வீரர்கள் வில்லின் நாணை மடித்துப் பூணூலாக மாட்டிக்கொண்டு, கங்கையாட வந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டோம் என்று கெஞ்சுகிறார்கள். சோழப் படையோ மலையைச் சுற்றி வேலாலும் வில்லாலும் வேலி கட்டி விடியும்வரை காத்து நிற்கிறது. இப்படியொரு சித்திரம் பரஞ்சோதியாருக்கு வாய்க்கவில்லை. அவரைப் பாடிய சேக்கிழார் ஏறத்தாழ 500 ஆண்டுகள் கழித்துத்தான் பெரியபுராணத்தை எழுதினார். வாதாபிப் போரை ஒரே பாடலில் முடித்துவிட்டார், அரசன் பெயரைக்கூடச் சொல்லவில்லை. பல்லவர் செப்பேடுகள் வெற்றியை அவருடைய அரசன் நரசிம்மவர்மனுக்கே உரியதாக்குகின்றன. நல்லவேளையாக, திருச்செங்காட்டங்குடிப் பதிகத்தில் சம்பந்தர் அவரைச் சிறுத்தொண்டர் என்ற அடியார் பெயரிலேயே பாடியிருக்கிறார்.

இனி, வென்றது யாரை என்று பார்ப்போம். வாதாபியை ஆண்ட சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி, வடநாட்டுப் பேரரசர் ஹர்ஷரையே நர்மதைக் கரையில் தடுத்து நிறுத்தியவன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் காஞ்சியை நெருங்கி வந்தவன். 642-இல் அவன் தலைநகரே பல்லவர் கைக்கு வந்தது. நரசிம்மவர்மனின் கல்வெட்டு இன்றும் வாதாபிப் பாறையில் இருக்கிறது. சாளுக்கியர் மறுபடி தலைதூக்க 655 வரை ஆயிற்று. கலிங்கத்திலோ ஆட்சி மாறவில்லை. யானைகளும் குதிரைகளும் செல்வமும் சோழநாடு வந்தன. அனந்தவர்மன் அதன்பின்னும் பல்லாண்டு அரசாண்டான். படையை நடத்திய திறமையில் கருணாகரர் குறைந்தவர் அல்லர். வெற்றியின் எடைதான் வேறு.

அரசவை நடப்பிலும் இருவர் வழி வேறு. கருணாகரர் தாமே முன்வந்து குலோத்துங்கனிடம் விடைபெற்றுப் போருக்குப் போனவர். பரஞ்சோதியாரோ வென்று வந்தபின் விலகினார். இவர் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லக் கேட்ட மன்னன், அடியாரைப் போர்முனைக்கு அனுப்பிவிட்டோமே என்று பதறி, நிதி கொடுத்து வணங்கி அனுப்பிவைத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. இவ்வளவு பெரிய வெற்றியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பதவியை விட்டு ஊர் திரும்பிய வேறொரு தண்டநாயகரை நம் வரலாற்றில் நான் காணவில்லை.