பாதக் காந்தலுக்கு ஒரு மிளகாய்க் களிம்பு: நான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின்

மூன்று ஆண்டுகளாக என் இரண்டு பாதங்களும் காந்துகின்றன. பகலில் வெறும் மதமதப்பாக இருப்பது, இரவு படுத்த பிறகு தணலில் கால் வைத்ததுபோல் எரியத் தொடங்கும். நடுநடுவே சுருக்கென்று ஊசி பாயும். போர்வையின் ஓரம் பெருவிரலில் பட்டாலே விழிப்புத் தட்டிவிடும். சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகம், இரத்தப் புரதம் என எல்லாச் சோதனைகளும் சரியாக வந்தன. நரம்புக் கடத்தல் சோதனையிலும் குறை தெரியவில்லை. கடைசியில் நரம்பியல் மருத்துவர் ‘இடியோபதிக்’ என்று எழுதினார். காரணம் தெரியவில்லை என்பதற்கான மருத்துவச் சொல் அது. கடத்தல் சோதனை தடித்த நரம்பு இழைகளை மட்டுமே அளக்கும் என்றும், சூட்டையும் வலியையும் சுமந்து செல்லும் மெல்லிய இழைகளின் பழுது அதில் தெரியாது என்றும் அவர் பொறுமையாக விளக்கினார். ‘ரிப்போர்ட்டெல்லாம் நன்றாகத்தானே இருக்கிறது, மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள்’ என்று உறவினர்கள் சொல்லிக் கேட்டுச் சலித்திருந்த எனக்கு, அந்த விளக்கமே பாதி மருந்தாக இருந்தது.

நரம்பு வலிக்குத் தரப்படும் பிரிகாபலின் மாத்திரை ஓரளவு உதவியது. ஆனால் அளவைக் கூட்டியபோது தலைச்சுற்றலும் பகல் தூக்கமும் வந்ததால் பழைய அளவுக்கே திரும்ப வேண்டியதாயிற்று. அதனுடன் சேர்த்துப் பயன்படுத்த மருத்துவர் எழுதிக் கொடுத்ததுதான் 0.075 சதவீதம் கேப்சைசின் கொண்ட இந்தக் களிம்பு. கேப்சைசின் என்பது மிளகாய்க்குக் காரத்தைத் தரும் பொருள். எரிகிற காலில் மிளகாயைத் தடவுவதா என்று முதலில் எனக்குத் திகைப்பாகத்தான் இருந்தது.

அது செயல்படும் விதத்தைத் தெரிந்துகொண்ட பிறகே துணிவு வந்தது. நம் தோலின் வலி நரம்பு முனைகளில் டிஆர்பிவி1 என்ற ஏற்பி, அதாவது சூட்டை உணரும் ஒரு புரதம், இருக்கிறது. ஏறத்தாழ 43 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அது திறந்துகொண்டு ‘சுடுகிறது’ என்று மூளைக்குச் செய்தி அனுப்பும். கேப்சைசின் பட்டாலும் அதே ஏற்பிதான் திறக்கிறது. காரத்தை நாம் ‘எரிகிறது’ என்று சொல்வது அதனால் வெறும் உவமை அன்று. 1997இல் இந்த ஏற்பியைக் கண்டறிந்த குழுவை வழிநடத்திய டேவிட் ஜூலியஸுக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. கேப்சைசினை நாள்தோறும் விடாமல் தடவினால் அந்த நரம்பு முனைகள் நாளடைவில் மரத்து, செய்தி அனுப்புவதைக் குறைத்துக்கொள்கின்றன. வலி எதனால் வந்தது என்று தெரியாவிட்டாலும் அது மூளைக்குப் போகும் வழியில் குறுக்கிட முடியும் என்பது என் போன்றவர்களுக்கு மிகப் பெரிய செய்தி.

முதல் பத்து நாட்கள் கடுமையானவை என்பதை மறைக்க விரும்பவில்லை. நாளுக்கு மூன்று முறை தடவச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு முறையும் பழைய காந்தலின் மேல் புதிய எரிச்சல் ஒன்று ஏறியது. இந்தக் கட்டத்தில் விட்டுவிடுபவர்களே அதிகம் என்று மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால்தான் நான் விடவில்லை. இரண்டாம் வார முடிவில் களிம்பின் எரிச்சல் அடங்கியது. நான்காம் வாரத்தில் ஒரு நாள் காலையில் எழுந்தபோது, இரவு முழுவதும் போர்வை காலின்மேலேயே கிடந்திருப்பதைக் கவனித்தேன். காந்தல் முழுவதும் போகவில்லை. பத்துக்கு எட்டு என்று இருந்தது ஐந்தாகக் குறைந்திருக்கிறது. ஊசி பாய்வது அப்படியே இருக்கிறது. மதமதப்பில் மாற்றம் எதுவும் இல்லை. இரண்டு நாள் தடவாமல் விட்டால் முன்னேற்றம் தேய்வதையும், மீண்டும் தொடங்கும்போது எரிச்சல் திரும்புவதையும் பார்த்துவிட்டேன்.

பயன்படுத்துவதில்தான் மிகுந்த கவனம் தேவை. கேப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். இதை அறியாமல் முதல் நாள் கையை வெறும் தண்ணீரில் கழுவிவிட்டுக் கண்ணைத் தொட்டு, அரை மணி நேரம் துடித்தேன். இப்போது கையுறை போட்டுத்தான் தடவுகிறேன். கையில் பட்டுவிட்டால் முதலில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துத் துடைத்து, அதன்பின் சோப்புப் போடுகிறேன். செருப்பில்லாமல் நடக்கும் நம் வீடுகளில் களிம்பு தரையில் ஒட்டிவிடும். எங்கள் வீட்டில் தவழும் பேரன் இருப்பதால், தடவியவுடன் பருத்திக் காலுறை அணியாமல் ஓர் அடிகூட வைப்பதில்லை. வெந்நீரில் குளித்த உடனே தடவினால் எரிச்சல் பல மடங்காகும். வெயிலில் வியர்த்து வந்த காலிலும் அப்படித்தான். வெடிப்போ புண்ணோ உள்ள இடத்தில் தடவவே கூடாது.

குறைகளும் உண்டு. இரண்டு பாதங்களுக்கும் தடவினால் 20 கிராம் டியூப் ஒரு வாரத்தைத் தாண்டுவதே அரிது. மாதச் செலவைக் கணக்கிட்டால் ஓய்வூதியக்காரருக்கு அது சுமைதான். மேலே சொன்ன எச்சரிக்கைகளில் பாதி, பெட்டியிலுள்ள தாளில் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கின்றன. எண்ணெய்க் குறிப்பு அதில் இல்லவே இல்லை. வாங்கும்போது சேர்மானத்தையும் படித்துப் பாருங்கள்: மூட்டு வலிக்காக டைக்ளோஃபெனாக், மெந்தால் ஆகியவற்றுடன் கேப்சைசினையும் கலந்து விற்கும் ஜெல்கள் வேறு, இது வேறு. மருத்துவமனையில் மட்டுமே ஒட்டப்படும் 8 சதவீத ஒட்டுப்பட்டையும் இதுவும் ஒன்றல்ல.

இவ்வளவு குறைந்த செறிவுள்ள களிம்புகளுக்கான ஆய்வுச் சான்று இன்னும் வலுவாக இல்லை. எரிச்சலைக் கொண்டே யாருக்கு உண்மையான மருந்து கிடைத்தது என்று தெரிந்துவிடுவதால், இதை மருந்து கலக்காத வெறும் களிம்புடன் ஒப்பிட்டுச் சோதிப்பதும் கடினம். அதனால் என் அனுபவம் எல்லோருக்கும் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. வலி பாதம்போல ஒரே இடத்தில் இருப்பவர்களும், மாத்திரை அளவைக் கூட்ட முடியாதவர்களும் மருத்துவரிடம் கேட்டு நான்கு வாரமாவது முயலலாம். உடலெங்கும் பரவிய வலிக்கு இது உதவாது. ஐந்து நட்சத்திரத்துக்கு நான் மூன்றரை தருகிறேன். அடுத்த மாதத்துக்கும் நான்கு டியூப்கள் வாங்கி வைத்திருக்கிறேன்.